பழைய .303 ரைஃபிள்: எங்கே பிறந்தது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது. கனடாவின் மிசிசாகாவில் இருப்பவர், துப்பாக்கி உரிமம் உள்ளவர், பிரிட்டிஷ் படையின் ரைஃபிளான ஒரு பழைய லீ-என்ஃபீல்டை விலை பேசிக்கொண்டிருக்கிறார். பின்கட்டையும் ரிசீவரும் (போல்ட் ஓடும் நடு உலோகச் சட்டம்) சேரும் கழுத்துப் பகுதியில், வலது பக்கம், ஒரு கிரீடமும் அதன் கீழ் ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்துகளும் இஷாபூர், 1942 என்ற பொறிப்பும் இருக்கின்றன. கையால் இழுத்துத் தோட்டாவை ஏற்றிப் பூட்டும் போல்ட்டில் ஒரு எண், ரிசீவரில் வேறு எண். முன்கட்டையில் குறுக்காக ஒரு திருகு. குழலில் பொடி எழுத்தில் ‘18.5 டன்’ என்று ஏதோ அடித்திருக்கிறது. விற்பவரோ, “பர்மா சண்டையில் இந்தியப் படை வைத்திருந்தது, எல்லாம் ஒரிஜினல்” என்கிறார். இதில் எவ்வளவு உண்மை, வாங்கிச் சுடலாமா?

முதலில் நேரடியான பதில். 1942இல் இஷாபூரில் செய்தது என்பதைப் பெரும்பாலும் நம்பலாம். பர்மாவுக்குப் போயிருக்கலாம், ஆனால் அதை யாராலும் நிரூபிக்க முடியாது. ‘எல்லாம் ஒரிஜினல்’ என்பது நீங்கள் எழுதிய விவரத்திலேயே அடிபட்டுப் போகிறது. சுடலாமா என்பதைப் படம் பார்த்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள், அதற்கு அளவுகோல் வைத்துப் பார்த்தாக வேண்டும்.

இனி விரிவாக. ராணுவ உபரித் துப்பாக்கியை ஒரே நாளில் ஒரே இடத்தில் செய்த பொருளாக நினைத்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். ரிசீவர் ஒரு வருடம், குழல் இன்னொரு வருடம், கட்டை மூன்றாவது ஒரு பட்டறை. நாற்பது ஐம்பது வருடம் படையில் இருந்தபோது எது தேய்ந்ததோ அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு போட்டிருப்பார்கள். ஆகவே “இது எப்போது செய்தது?” என்று மொத்தமாகக் கேட்காமல், ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பதில்கள் ஒன்றோடொன்று முரண்படுகிற இடத்தில்தான் துப்பாக்கியின் வரலாறு இருக்கிறது.

கழுத்திலுள்ள முத்திரையிலிருந்து தொடங்குவோம். கிரீடத்துக்குக் கீழே உள்ள எழுத்து, அப்போது யார் ஆட்சி என்பதைச் சொல்கிறது. விக்டோரியா என்றால் வி.ஆர்., ஏழாம் எட்வர்ட் என்றால் இ.ஆர்., ஐந்தாம் ஜார்ஜும் ஆறாம் ஜார்ஜும் ஜி.ஆர். கடைசியில் ஒரு ஐ சேர்ந்திருந்தால் அது இந்தியாவின் பேரரசர் என்ற பட்டத்துக்காக. இஷாபூர் துப்பாக்கிகளில் அதைப் பார்க்கலாம். சுதந்திரத்துக்குப் பிறகு செய்தவற்றில் கிரீடம் போய் அசோகரின் சிங்கங்கள் வந்துவிடும், ஆர்.எஃப்.ஐ. என்ற சுருக்கமும் இருக்கும். இஷாபூர் ரைஃபிள் ஃபாக்டரி கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே ரைஃபிள் செய்யத் தொடங்கிய இடம். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தும் கனடாவும் நம்பர் 4 என்ற புதிய வடிவத்துக்கு மாறிய பிறகும் இஷாபூரும் ஆஸ்திரேலியாவின் லித்கோவும் பழைய நம்பர் 1 மார்க் 3 ஸ்டாரையே தொடர்ந்து செய்தன. அதனால் 1942, இஷாபூர், நம்பர் 1 மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

மார்க் 3 ஸ்டார் என்பது முதல் உலகப் போரின் அவசரத்தில், 1916இல் ஏற்றுக்கொண்ட எளிமையான வடிவம். தொலைதூரச் சரமாரிச் சூட்டுக்கு இடது பக்கம் வைத்திருந்த தனிக் குறிகாட்டி, தோட்டாப் பெட்டியை மூடி வைக்கும் தகடு, பின் குறிகாட்டியைப் பக்கவாட்டில் நகர்த்தும் திருகு எல்லாம் அதில் நின்றுபோயின. யாராவது மார்க் 3 ஸ்டார் என்று சொல்லி, அதில் அந்தத் தகடு பளபளவென்று இருந்தால், அழகுக்காகப் பின்னால் மாட்டியதா என்று ஒரு தடவை கேளுங்கள்.

நீங்கள் மிசிசாகாவில் இருப்பதால் ஒரு சின்ன விலகல். நம்பர் 4 ரைஃபிளில் ‘லாங் பிராஞ்ச்’ என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தொழிற்சாலை உங்கள் ஊரிலேயே லேக்‌ஷோர் சாலையோரம் இருந்தது. 1940இல் கனடா அரசு தொடங்கிய ஸ்மால் ஆர்ம்ஸ் லிமிடெட் அது, போர்க்காலத்தில் அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். சோதனைக் கட்டடம் மட்டும் இன்றும் நிற்கிறது, இப்போது கலை நிகழ்ச்சிகள் நடக்கும் இடம். லாங் பிராஞ்ச் துப்பாக்கியின் வரிசை எண்ணுக்கு நடுவே எல் என்ற எழுத்து வரும். அமெரிக்காவில் சாவேஜ் நிறுவனம் செய்தவற்றில் சி வரும், கூடவே ‘அமெரிக்க அரசுச் சொத்து’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் அடித்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு, அமெரிக்கப் படை வைத்திருந்த துப்பாக்கி என்று விற்பவர்கள் உண்டு. அமெரிக்கா கடன்-குத்தகைத் திட்டத்தில் பிரிட்டனுக்கு அனுப்பிய சரக்கு என்பதுதான் அந்த முத்திரைக்குக் காரணம். இந்த வட அமெரிக்க நம்பர் 4 சிலவற்றில் குழலுக்குள் குண்டைச் சுழல வைக்கும் வரிப்பள்ளங்கள் ஐந்துக்குப் பதில் இரண்டே இருக்கும். போர்க்காலத்தில் நேரம் மிச்சம் பிடிக்க அப்படிச் செய்தார்கள். குறை அல்ல, நன்றாகவே சுடும்.

சரி, உங்கள் துப்பாக்கியின் எண்களுக்கு வருவோம். நம்பர் 1 ரைஃபிளில் ஒரே வரிசை எண் பல இடங்களில் இருக்க வேண்டும்: ரிசீவரின் முன்பகுதி, குழல், போல்ட் கைப்பிடியின் பின்புறம், பின் குறிகாட்டித் தகட்டின் அடிப்பக்கம், முனையில் உள்ள நோஸ் கேப், அதற்கு அடியில் மறைந்திருக்கும் முன்கட்டை. விற்பவர் கழற்றிக் காட்டச் சம்மதித்தால் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழலின் அடிப்பகுதியில் பொதுவாக வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம் அடித்திருக்கும். கழுத்தில் 1942 என்றும் குழலில் 50 என்றும் இருந்தால், எட்டு வருடத்தில் ஒரு குழல் தேய்ந்து போயிருக்கிறது அல்லது கெட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். அது கெட்ட செய்தியும் அல்ல. சுடுவதற்கு வாங்குகிறவருக்குப் பின்னால் போட்ட குழல் பெரும்பாலும் லாபம்தான். அலமாரியில் வைக்க வாங்குகிறவருக்குத்தான் விலை குறையும்.

போல்ட் எண் மாறியிருப்பது வேறு விஷயம். ஆர்மரர், அதாவது படையின் துப்பாக்கி மெக்கானிக், ஒரு போல்ட்டை ஒரு ரிசீவருக்கென்று பொருத்திப் பார்த்துத்தான் எண் போடுவார். லீ போல்ட்டைப் பூட்டும் இரண்டு காதுகளும் பின்பக்கம் இருக்கின்றன. இரண்டும் சமமாக அழுந்த வேண்டும். வேறு துப்பாக்கியின் போல்ட்டை மாட்டினால் ஒரு காது மட்டும் எல்லா அழுத்தத்தையும் வாங்கலாம். உபரிக் கிடங்குகளில் பத்திரத்துக்காகப் போல்ட்டுகளைக் கழற்றித் தனிப் பெட்டியில் போட்டு வைப்பதும், விற்கும்போது கைக்கு வந்ததை மாட்டிவிடுவதும் சர்வசாதாரணம். ஆகவே எண் மாறிய போல்ட் என்றதும் தூக்கிப் போட வேண்டாம், ஆனால் சோதிக்காமல் ஒரு தோட்டாகூடச் சுட வேண்டாம்.

எல்லா எண்ணும் ஒன்றாக இருந்துவிட்டால் மட்டும் நிம்மதியா என்றால், அதுவும் இல்லை. சோவியத் பட்டறைகள் போருக்குப் பிறகு மோசின்-நாகன்ட் ரைஃபிள்களை லட்சக்கணக்கில் பிரித்துச் சேர்த்தன. பழைய எண்ணின் மேல் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, ரிசீவர் எண்ணையே போல்ட்டிலும் பெட்டி மூடியிலும் பின்தகட்டிலும் புதிதாகப் போட்டார்கள். எண்கள் ஒத்துப் போகும், பாகங்கள் நாலு துப்பாக்கியிலிருந்து வந்திருக்கும். எழுத்தின் அச்சு ஒரே மாதிரி இருக்கிறதா, மின் பேனாவால் கிறுக்கியதா, அடியில் ராவிய தழும்பு தெரிகிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். பிரிட்டிஷ் பக்கம் முழுப் பட்டறை வேலை முடிந்தால் எஃப்.டி.ஆர். என்ற எழுத்தும் வருடமும் போடும் பழக்கம் இருந்தது, அந்த அளவுக்கு அவர்கள் நேர்மை.

முன்கட்டையில் உள்ள குறுக்குத் திருகு இந்தியத் துப்பாக்கிகளின் அடையாளம். சேகரிப்பவர்கள் அதை இஷாபூர் திருகு என்றே சொல்வார்கள். கட்டை பிளக்காமல் இருக்கப் போட்டது. இங்கிலாந்தில் செய்த ரைஃபிளில் அது இருந்தால், அது இந்தியாவுக்கு வந்து போனது என்று அடித்துச் சொல்லலாம். உங்களுடையது இஷாபூரிலேயே பிறந்தது என்பதால் திருகு புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. முன்கட்டையைச் சுற்றிச் செம்புக் கம்பி இறுகச் சுற்றியிருந்தால் மட்டும் கவனம்: கையெறி குண்டைக் குழல் முனையில் வைத்து வீசப் பயன்பட்டது அது, குழலும் ரிசீவரும் சாதாரணமாகப் படும் அடியைவிட அதிகம் பட்டிருக்கும். இந்தியத் துப்பாக்கிகளில் கருப்புப் பெயின்ட் கனமாகப் பூசியிருப்பதும் வழக்கம், அதன் அடியில் துருக்குழிகள் ஒளிந்திருக்கலாம்.

இதே தோற்றத்தில் இன்னும் இரண்டு இருக்கின்றன, மாற்றி வாங்கிவிடாதீர்கள். ஒன்று, .303 குழலைக் குடைந்து உள்வரிகளே இல்லாமல் .410 ஆக்கியது, காவல்துறைக்கும் சிறைக் காவலர்களுக்கும். தோட்டாப் பெட்டியை மரத்தால் அடைத்து ஒவ்வொன்றாகப் போட வேண்டியதாக மாற்றியிருப்பார்கள். அதன் தோட்டாவும் தனி ரகம், கடையில் கிடைக்கும் .410 ஷாட்கன் தோட்டா அதற்கானதல்ல. இன்னொன்று 2ஏ, 2ஏ1. 1962 சீனப் போருக்குப் பிறகு, சுயமாகக் குண்டு ஏற்றும் ரைஃபிள் எல்லாருக்கும் போய்ச் சேரும்வரை இடைக்கால ஏற்பாடாக, 7.62 நேட்டோ தோட்டாவுக்கென்றே உயர்ந்த எஃகில் இஷாபூர் செய்தது. தோட்டாப் பெட்டி சாய்வில்லாமல் சதுரமாக இருக்கும். உங்கள் 1942 ரைஃபிளை 7.62க்கு மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்; அந்த எஃகு அதற்காகச் செய்ததல்ல.

‘18.5 டன்’ என்பதுதான் உங்கள் துப்பாக்கியில் எனக்கு மிகவும் பிடித்த குறி. பொடி எழுத்தை நன்றாகப் பார்த்தால் அருகில் .303, 2.222 அங்குலம் என்றும், கிரீடத்தோடு சேர்ந்த ஒரு குறியும் இருக்கும். 2.222 என்பது தோட்டா உறையின் நீளம். 18.5 டன் என்பது ஒரு சதுர அங்குலத்துக்குத் தாங்க வேண்டிய அழுத்தம். இது படை போட்ட முத்திரை அல்ல. பிரிட்டனில் ராணுவத் துப்பாக்கியைத் தனியாருக்கு விற்கும் முன் சோதனைச் சாலையில் மிகை அழுத்தத் தோட்டா சுட்டு, தாங்கினால் அடிக்கும் வணிக முத்திரை. அதாவது உங்கள் ரைஃபிள் இந்தியாவிலிருந்து நேராகக் கனடாவுக்கு வரவில்லை. எப்படியோ பிரிட்டனுக்குப் போய், அங்கே வியாபாரிகள் கைக்கு வந்து, சோதனை முடிந்து, கடல் கடந்திருக்கிறது. ‘இங்கிலாந்து’ என்று தனியாக ஒரு பொறிப்பும் இருக்கிறதா பாருங்கள். அமெரிக்கச் சந்தைக்குப் போகும் சரக்கில் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று அடிக்க வேண்டும் என்பது 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. இஷாபூர் என்று ஒரு பக்கமும் இங்கிலாந்து என்று இன்னொரு பக்கமும் இருந்தால் குழம்ப வேண்டாம், ஒன்று பிறந்த ஊர், மற்றது கப்பல் ஏறிய ஊர்.

அரசுச் சொத்துக்கு அடிக்கும் அகன்ற அம்பு முத்திரையையும் தேடுங்கள். இந்திய அம்பின் கீழ் ஐ இருக்கும், கனடாவினுடையது சி என்ற எழுத்துக்குள் இருக்கும். இரண்டு அம்புகள் முனையோடு முனை தொட்டபடி இருந்தால் அரசு விற்றுவிட்டது, இனி அரசுச் சொத்து அல்ல என்று பொருள். அமெரிக்கா வழியாக வந்த துப்பாக்கியில் இறக்குமதியாளர் பெயரும் ஊரும் குழலில் இருக்கக்கூடும். அங்கே 1968 துப்பாக்கிச் சட்டம் ராணுவ உபரி இறக்குமதியை நிறுத்தியது, 1980களின் நடுவில்தான் பழம்பொருள் வகைக்கு மறுபடி வழி திறந்தது. அதனால் அப்படிப் பெயர் பொறித்த துப்பாக்கி அதற்குப் பிறகு வந்தது என்று ஓரளவு கணக்குப் போடலாம்.

காகிதத் தடம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு உலகமே அறிந்த உதாரணம் கென்னடி கொலையில் கிடைத்த துப்பாக்கி. அது இத்தாலியின் டெர்னி ஊரில் 1940இல் செய்த கார்கானோ ரைஃபிள், எண் சி2766. நியூயார்க்கின் கிரெசன்ட் ஃபயர்ஆர்ம்ஸ் இறக்குமதியாளர், அவர்கள் சிகாகோவின் க்ளைன்ஸ் கடைக்கு விற்றார்கள். அந்தக் கடை 1963 மார்ச்சில் 19.95 டாலர் விலையில், தபால் செலவோடு 21.45க்கு, ஏ. ஹிடெல் என்ற பெயருக்கு டாலஸ் நகரத் தபால் பெட்டிக்கு அனுப்பியிருந்தது. கொலை நடந்த மறுநாள் விடியற்காலைக்குள் க்ளைன்ஸ் கணக்குகளில் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இறக்குமதிக்குப் பிந்தைய மாதங்கள் இவ்வளவு துல்லியம். அதற்கு முந்தைய இருபது வருடம் இத்தாலியில் அதை யார் தோளில் மாட்டியிருந்தார் என்றால், பதில் இல்லை. உபரித் துப்பாக்கி எல்லாவற்றுக்கும் இதுதான் நிலைமை: வியாபாரி கைக்கு வந்த பிறகு ரசீது உண்டு, படையில் இருந்த காலத்துக்கு உலோகம் மட்டும்தான் சாட்சி.

அதனால்தான் பர்மா கதையை நான் விலையில் சேர்க்க மாட்டேன். இந்தியப் படை நம்பர் 1 ரைஃபிளோடு பர்மாவில் போரிட்டது உண்மை. 1942இல் இஷாபூரில் செய்த ஒன்று 1944இல் இம்பாலிலோ கோஹிமாவிலோ இருந்திருக்கலாம். ராவல்பிண்டி கிடங்கில் எண்ணெய் பூசித் தூங்கிக்கொண்டும் இருந்திருக்கலாம். எந்த எண் எந்தப் படைப்பிரிவுக்குப் போனது என்பதைச் சொல்லும் முழுப் பட்டியல் இந்தத் துப்பாக்கிகளுக்குக் கிடையாது. முதல் உலகப் போருக்கு முன் பின்கட்டையில் பித்தளை வட்டத் தகடு பதித்துப் படைப்பிரிவின் பெயர் பொறிப்பார்கள், பிறகு அந்தப் பழக்கமும் போனது. இன்னொன்று, துப்பாக்கி அரசுச் சொத்து, படைவீரர் வீட்டுக்கு எடுத்துப் போகும் பொருள் அல்ல. “எங்கள் தாத்தா சண்டையில் வைத்திருந்ததே இதுதான்” என்று கேட்கும்போதெல்லாம் எனக்குப் பாதிதான் நம்பிக்கை வரும். தாத்தா பின்னால் கடையில் அதே மாதிரி ஒன்று வாங்கியிருப்பார். ஸ்விட்சர்லாந்தில் மட்டும் கதை வேறு. அங்கே கே31 ரைஃபிளின் பின்தகட்டைக் கழற்றினால், வைத்திருந்த வீரரின் பெயரும் படைப்பிரிவும் எழுதிய சீட்டு பல துப்பாக்கிகளில் இன்னும் இருக்கிறது.

போலிகளைப் பற்றிக் கொஞ்சம். ஆப்கானிஸ்தான் எல்லையை ஒட்டிய தர்ரா ஆதம் கேல் பட்டறைகளில் கையாலேயே லீ-என்ஃபீல்ட் செய்வார்கள். கைவேலை அசத்தும், முத்திரையில்தான் மாட்டிக்கொள்வார்கள். ஆங்கிலம் தெரியாமல் பார்த்துப் பொறிப்பதால் ஆங்கில ‘N’ எழுத்து தலைகீழாகத் திரும்பியிருக்கும், என்ஃபீல்ட் என்பதில் ஒரு எழுத்து காணாமல் போயிருக்கும். விக்டோரியாவின் வி.ஆர். முத்திரை போட்டு 1915 என்று தேதி இருக்கும். அந்த அம்மா 1901 ஜனவரியிலேயே இறந்துவிட்டார். குட்டைக் குழல் லீ-என்ஃபீல்ட் என்ற வடிவமே அவர் காலத்துக்குப் பிறகு வந்தது என்பதால், அந்த வடிவத்தில் வி.ஆர். இருந்தாலே போதும், மேற்கொண்டு பார்க்க வேண்டாம். சுவரில் மாட்ட அருமையான பொருள். எஃகு என்ன தரம் என்று யாருக்கும் தெரியாததால் சுடக் கூடாது.

கனடாவில் அதைவிட அடிக்கடி கண்ணில் படுவது, வேட்டைக்காக முன்கட்டையை வெட்டிய துப்பாக்கியை மறுபடி முழுசாக்கியது. ஐம்பது அறுபதுகளில் மூஸ் வேட்டைக்கு மலிவான ரைஃபிள் இதுதான். எடை குறைய மரத்தை வெட்டினார்கள், சிலர் குழலையும் வெட்டினார்கள். இன்று முழு ராணுவத் தோற்றத்துக்கு விலை கூடிவிட்டதால், வேறு மரத்தை வாங்கி மாட்டி விற்கிறார்கள். குழல் 25 அங்குலத்துக்குச் சற்று மேல் இருக்க வேண்டும், அளந்து பாருங்கள். முன்கட்டையின் நிறமும் பின்கட்டையின் நிறமும் ஒத்துப் போகிறதா, நோஸ் கேப்புக்கு அடியில் மரத்தில் உள்ள எண் என்ன என்பதும் காட்டிக் கொடுக்கும்.

இனி நிலைமை. துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் போல்ட்டைத் திறந்து அறையிலும் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) பெட்டியிலும் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். அப்புறம் போல்ட்டைக் கழற்றிக் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள்.

.303 குழல்களைக் கெடுத்ததில் தோட்டாவின் கேப்புக்கு, அதாவது அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடிக்கு, பெரிய பங்கு உண்டு. பழைய ராணுவத் தோட்டாக்களின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்ததும் உப்பு படியும், அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் துரு பிடிக்கும். எண்ணெய் அதைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அதனால்தான் படையில் கொதிநீர் ஊற்றிக் கழுவச் சொன்னார்கள். கழுவாமல் எண்ணெய் மட்டும் போட்டுப் பரணில் ஏற்றிய துப்பாக்கியின் உட்புறம் கரும்புள்ளியும் குழியுமாக இருக்கும். இந்திய உபரி .303 தோட்டாக்கள் கிடைத்தால், அடியில் கே.எஃப். என்று கிர்க்கி ஆலையின் முத்திரை இருந்தால், உப்புக் கேப் என்றே வைத்துக்கொண்டு அன்றே தண்ணீரில் கழுவிவிடுங்கள். உட்புறம் கொஞ்சம் கருத்திருப்பதால் மட்டும் துப்பாக்கி மோசம் என்று முடிவு கட்ட வேண்டாம். வரிகளின் விளிம்பு கூர்மையாக இருந்தால் கருத்த குழலும் நன்றாகச் சுடும். பளபளப்பான குழல் தேய்ந்து மழுங்கியும் இருக்கும்.

தேய்மானம் இரண்டு முனையிலும் வேறு வேறு காரணத்தால் வருகிறது. அறைப் பக்கம் கார்டைட் வெடிமருந்தின் சூடு உலோகத்தை அரித்திருக்கும். வாய்ப் பக்கம், குழலைத் துடைக்க இழுக்கும் கயிறு. மணல் ஒட்டிய கயிற்றை ஒரே பக்கம் சாய்த்து வருடக்கணக்கில் இழுத்தால் எஃகுகூடத் தேயும், ஓட்டை நீள்வட்டமாகிவிடும். உறையிலிருந்து தனியாக எடுத்த குண்டு ஒன்றை வாயில் நுனி கீழாக வைத்துப் பார்ப்பது தோராயச் சோதனை: குண்டின் கணிசமான பகுதி வெளியே நின்றால் நல்லது, முழுசும் உள்ளே வழுக்கிப் போனால் வாய் போய்விட்டது. சரியாக அளக்க மெல்லிய ஈயத் துண்டைக் குழலுக்குள் தள்ளி எடுத்து அளப்பார்கள். இதில் ஒரு சிக்கல், ஐந்து பள்ளம் என்பது ஒற்றைப்படை. ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே மேடுதான் இருக்கும், சாதாரண மைக்ரோமீட்டர் காட்டும் எண் பள்ளத்தின் விட்டம் ஆகாது. அனுபவம் உள்ளவரிடம் கொடுத்து அளப்பதே மேல். போர்க்காலக் குழல்கள் .311இலிருந்து .315 அங்குலம், அதற்கும் மேல்கூட இருக்கும். அதற்கேற்ற குண்டு போடாவிட்டால் குறித்தாளில் ஓட்டை வட்டமாக விழாமல் பக்கவாட்டில் விழும்.

ஸ்வீடன் மவுசர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு பாதி கிடையாது. பின்கட்டையில் உள்ள பித்தளை வட்டிலேயே குழலின் உள்விட்டமும் உட்புறத் தேய்மானத்தின் அளவும் ஆர்மரர் குறித்து வைத்திருப்பார். லீ-என்ஃபீல்டில் அப்படி எதுவும் இல்லை.

உங்கள் துப்பாக்கியில் முக்கியமாகச் சோதிக்க வேண்டியது ஹெட்ஸ்பேஸ், அதாவது மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி. 0.064 அங்குலக் கேஜை (துல்லியமான அளவுக் கட்டை) வைத்தால் போல்ட் மூட வேண்டும், 0.074 கேஜில் மூடக் கூடாது. இது படையின் அளவு, வணிக அளவு இதைவிட இறுக்கம். எண் மாறிய போல்ட் என்பதால் இதைச் செய்யாமல் விடவே முடியாது. நம்பர் 4இல் போல்ட் தலைகளுக்கு 0 முதல் 3 வரை எண் போட்டிருக்கும், இடைவெளி கூடினால் அடுத்த எண்ணை மாட்டிச் சரி செய்யலாம். உங்கள் நம்பர் 1இல் எண் கிடையாது, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். கேஜ் சரியென்று சொன்ன பிறகும் இரண்டு பூட்டுக் காதுகளும் அழுந்துகின்றனவா என்று மை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். நண்பர் யாராவது லாங் பிராஞ்ச் மார்க் 1 ஸ்டார் வாங்கப் போனால், போல்ட் தலை ஓடும் தடத்தின் முன்னால் உள்ள வெட்டு உடைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த ரகத்தின் தெரிந்த பலவீனம் அது, உடைந்தால் சுடும் வேகத்தில் போல்ட் தலை தடத்தை விட்டு எகிறிவிடும்.

மரத்தில், தோட்டாப் பெட்டிக்கு முன்னால் உள்ள பெரிய திருகைச் சுற்றியும், பின்னால் கழுத்தைத் தொடும் இடத்திலும் விரிசல் வரும். உதைப்பைத் தாங்கும் உள்முகங்கள் நசுங்கியிருந்தால் குறி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு எச்சரிக்கை: நம்பர் 1இல் முன்கட்டையைக் கழற்றாமல், பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீளத் திருகாணியைத் திருகாதீர்கள். அந்தத் திருகாணியின் சதுர முனை முன்கட்டைக்குள் ஒரு தகட்டில் உட்கார்ந்திருக்கிறது, திருகினால் முன்கட்டை பிளந்துவிடும். நல்ல துப்பாக்கிகளில் பார்க்கும் பாதி விரிசல் இப்படி வந்ததுதான்.

டி.பி. என்ற எழுத்து உலோகத்திலோ மரத்திலோ இருந்தால் பேச்சே வேண்டாம். அணிவகுப்புப் பயிற்சிக்கென்று ஒதுக்கியது, அதில் பல துளையிட்டோ ஊசியை வெட்டியோ வைத்தவை. ‘பாகம் மாற்றி ஓட்டலாம்’ என்பவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

ஊருக்கு வரும்போது கொண்டுவரலாமா என்று யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் .303 தடைசெய்யப்பட்ட போர் வகையில் இருக்கிறது, சாதாரண உரிமத்தில் கிடைக்காது. இஷாபூரே பொதுமக்களுக்கு .315 என்ற வேறு தோட்டாவில் அதே லீ அமைப்பை வைத்து ரைஃபிள் செய்ததற்குக் காரணம் அதுதான். த்ரீ நாட் த்ரீயைக் காவல்துறை மட்டும் வெகுகாலம் வைத்திருந்தது. 2008 மும்பைத் தாக்குதலில் ரயில் நிலையத்தில் இருந்த போலீசார் கையில் இருந்ததும் அதுதான், உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020இல்தான் விடை கொடுத்தது.

இப்போது விற்பவரிடம் நீங்கள் செய்ய வேண்டியது: எல்லா எண்களின் படம் கேளுங்கள், குழலின் அடியில் உள்ள வருடத்தைக் கேளுங்கள், கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) கேஜ் வைத்துப் பார்த்த பிறகு மீதிப் பணம் என்று பேசுங்கள். பர்மாவுக்கென்று ஏதாவது கூட்டிக் கேட்டால் காகிதம் கேளுங்கள். காகிதம் இல்லை, போல்ட் எண் வேறு, ஆனால் குழல் கூர்மையாக இருக்கிறது, கேஜும் சரி என்றால், எண் ஒத்துப் போகாத இஷாபூருக்கு அங்கே என்ன விலையோ அதைக் கொடுத்து வாங்கலாம்.